மண்புழுத் தேத்தண்ணி

மன்னார்த் தீவு மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. கரைந்த உரமும் அதோடு இறங்கிவிடும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது மண்புழு உரம் எல்லார் வாயிலும் அடிபட்டது. எனக்குப் பிடித்தது அதன் சாறுதான்.

உவரில்லாத கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி. துணியில் கட்டிய புழு எரு இரண்டு பிடி. சிறு துண்டு பனங்கட்டி. அது செடிக்கல்ல, நுண்ணுயிர்களுக்கு. மீன்தொட்டிக் காற்றுப் பம்பை ஒரு நாள் ஓடவிட்டால் பிளேன்டீ நிறத்தில் நுரை கட்டி, மழை விழுந்த மண்ணாய் மணக்கும். நாறினால் காற்றுப் போதவில்லை, கொட்டிவிடுங்கள். நல்லதை அன்றைக்கே, வெயில் தாழ, கத்தரி மிளகாய்க்கு ஊற்றுங்கள். உள்ளதைச் சொன்னால், சாற்றில் சத்துக் கொஞ்சந்தான். மணலில் ஈரத்தைப் பிடித்துவைப்பது சக்கைதான். அதையும் முருங்கையடியில் புதைத்து, மேலே சருகு மூடிவிடுங்கள்.