முன்றில் வேறு, முற்றம் வேறு

பல ஆண்டுகளாக நான் சரி என்று குறியிட்டுவந்த ஒரு விடையைத் திருத்திக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். இளங்கலைத் தமிழ் மாணவியரின் விடைத்தாள்களில் 'முன்றில்' என்ற சொல்லுக்கு 'முற்றம்' என்று பொருள் எழுதியிருப்பார்கள். பாடநூலின் அருஞ்சொற்பொருளில் அப்படித்தான் இருக்கும், கைடிலும் அப்படித்தான் இருக்கும். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம்.

குறுந்தொகை 46ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "மேடம், இந்தப் பொண்ணு எங்க உக்காந்து இதையெல்லாம் பாக்குறா?" என்று கேட்டாள். மாமலாடன் பாடிய பாட்டு அது. பிரிந்துபோன தலைவன் இருக்கும் நாட்டில் இப்படியொரு மாலைப்பொழுதும் தனிமையும் இல்லையோ என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். வாடிய ஆம்பல் பூவின் நிறத்தில் சிறகுடைய வீட்டுக் குருவிகள் முன்றிலில் காயும் தானியத்தைத் தின்கின்றன. பிறகு மன்றத்துக்குப் போய் எருவின் புழுதியில் குடைந்து ஆடுகின்றன. கடைசியில் வீட்டின் இறப்பில் தம் குஞ்சுகளோடு அடைகின்றன.

முற்றம் என்றதும் அந்த மாணவியின் மனத்தில் வந்தது சினிமாவில் பார்த்த செட்டிநாட்டு வீடு. நான்கு பக்கமும் தூண்கள், நடுவே வானம். அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் குருவி தானியம் தின்பது தெரியும், இறப்பில் கூடடைவதும் தெரியும். மன்றத்துப் புழுதி எப்படித் தெரியும்? மன்றம் ஊர்ப் பொதுவிடம். மூன்று சுவர் தாண்டி அது தெரியாது. கேள்வி நியாயமானது. பதில் என்னிடம் இல்லை. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

பதில் அந்தச் சொல்லிலேயே இருந்தது. இல்லின் முன் என்பது 'இல்முன்' என்று வர வேண்டும். அது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆனது. இலக்கணப்போலிக்கு நாம் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டே இதுதான். 'முன்' என்பதன் பின் 'இல்' வரும்போது இடையில் றகரம் தோன்றுவதைச் சொல்லத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் தனி நூற்பாவே வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டோம். முன்றில் என்ற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகம் வெளியே பார்த்திருக்கிறது.

முற்றம் அப்படி இல்லை. அது 'முற்று' என்பதிலிருந்து வந்ததா, 'முன்' என்பதிலிருந்து வந்ததா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வழக்காற்றைப் பார்த்தாலே போதும். நெடுநல்வாடையில் அரண்மனைக்குள் மணல் பரப்பிய முற்றம் வருகிறது. நிலவை நுகர்வதற்கான வெண்மையான முற்றமும் வருகிறது. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்தின் நடுவே இருப்பது முற்றம். யாழ்ப்பாணத்தில் வீட்டின் முன்னே காலையில் கூட்டிப் பெருக்கும் மணல்வெளி முற்றம். நாற்சார் வீட்டின் உள்ளே இருப்பதை நடுமுற்றம் என்று பிரித்துச் சொல்வார்கள். ஆக, முற்றம் உள்ளேயும் இருக்கலாம், முன்னேயும் இருக்கலாம். அந்தச் சொல் பரப்பைச் சொல்கிறது. முன்றில் திசையைச் சொல்கிறது. சில முன்றில்களை முற்றம் என்று அழைக்கலாம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. முற்றம் என்று பொருள் எழுதியதும் நமக்குக் கைநழுவிப்போவது அந்தத் திசைதான்.

இந்த வேறுபாட்டைச் சொற்பொருளோடு நிறுத்திவிட முடியாது. சங்கப் பாடல்களில் தானியம் காய்கிறது, பறவை வந்து தின்கிறது, பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்ற காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. குறுந்தொகைப் பாட்டோடு இன்னும் இரண்டை வைத்துப் பார்ப்போம்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற மனையும் பரந்த முற்றமும் வருகின்றன. பெண்கள் காயும் தானியத்துக்குக் காவல் இருக்கிறார்கள். கோழி கொத்த வருகிறது. காதில் கிடக்கும் கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை சிறுவர்கள் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. வளத்தைக் காட்ட எத்தனையோ பேராசிரியர்கள் மேற்கோளாக்கிய இடம் இது. நானும் ஆக்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்கள் எப்படி அறிமுகமாகிறார்கள்? ஒளிவிடும் நெற்றி, மடநோக்கு, நேர்த்தியான அணிகலன். அவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. அவர்கள் உருத்திரங்கண்ணனார் காட்டும் நகரத்துச் செல்வத்தின் ஒரு பகுதி. கோழிக்குக் குழையை எறிவது அவர்களின் கோபமோ விளையாட்டோ அன்று, அந்த ஊரின் வரவு செலவுக் கணக்கு.

புறநானூறு 320இல் வீரை வெளியனார் காட்டுவது ஒரு வேட்டுவன் வீட்டு முன்றில். முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தல் போடாமலே பலர் படுத்துறங்கும் அளவுக்கு நிழல். வேட்டுவன் அசந்து தூங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வை மானோடு ஒரு கலைமான் வந்து கூடியிருக்கிறது. மான் தோலில் பரப்பிய தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்கின்றன. மனைவி பார்க்கிறாள். விரட்டினால் கணவன் விழிப்பான், மான் ஓடிவிடும். அதனால் சத்தம் காட்டாமல் இருக்கிறாள். தினை போகிறது.

இவளுடைய நெற்றி எப்படி இருந்தது என்று புலவர் சொல்லவில்லை. அவள் இத்தனை உயிர்களை ஒரே நேரத்தில் பார்த்து, எது போனால் பரவாயில்லை என்று முடிவெடுக்கிறாள். ஒருவேளைச் சோற்றை விட்டுக்கொடுத்து ஓர் ஆணின் தூக்கத்தையும் இரு விலங்குகளின் இன்பத்தையும் காக்கிறாள். பெண்தான் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனாலும் இங்கே ஒரு பெண்ணின் பார்வையும் யோசனையும் பாட்டை நடத்துகின்றன. முற்றத்துப் பெண்கள் பார்க்கப்படுகிறார்கள். முன்றிலில் இருப்பவள் பார்க்கிறாள். குறுந்தொகைத் தலைவியும் அப்படித்தான். அவள் உருவம் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. முன்றில், மன்றம், இறப்பு என்று குருவி போகும் வழியெல்லாம் அவள் கண் போகிறது. மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: அவள் முன்றிலில் இருக்கிறாள், அல்லது அதை நோக்கி நிற்கிறாள். அங்கிருந்தால்தான் மன்றம் தெரியும்.

இதை ஒரு விதியாக்கிவிட நான் விரும்பவில்லை. புறநானூறு 116இல் கபிலர் பாரியின் மகளிரைக் காட்டும்போது முன்றிலும் இருக்கிறது, உடல் வருணனையும் இருக்கிறது. தந்தை கொல்லப்பட்டு, பறம்பு பறிபோனபின் அந்தப் பெண்கள் முள்வேலி போட்ட ஒரு சிறுவீட்டில் இருக்கிறார்கள். முன்றிலில் பஞ்சு கிடக்கிறது. பக்கத்தில் பீர்க்கும் சுரையும் படர்ந்த குப்பைமேடு. அதன்மேல் ஏறி, சாலையில் போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். முன்பு உயர்ந்த மலைமேல் நின்று, தந்தையோடு போரிட வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள் இவர்கள். கபிலருக்கு இது தாங்க முடியாத வீழ்ச்சி. அவர் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. மலை போயிற்று, தந்தை போனான், எண்ணும் பழக்கம் போகவில்லை. உலகம் எந்த வழியாகப் போகிறது, எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று அவர்கள் இன்னும் கணக்கு வைக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த இடம் பஞ்சு காயும் ஒரு முன்றிலும் ஒரு குப்பைமேடும்.

முன்றில்கள் பெரும்பாலும் எளியவர்களின் வீட்டில் வருவதையும் கவனிக்க வேண்டும். ஏணிச்சேரி முடமோசியாரின் புறநானூறு 129இல், தாழ்ந்த இறப்புடைய குடிசைகளில் வாழும் குறவர்கள் வேங்கை நிற்கும் முன்றிலில் குரவை ஆடுகிறார்கள். நெடுநல்வாடையின் முற்றமோ அரண்மனைக்குள் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் அரசனைத் தவிர வேறு ஆண்கள் நெருங்க முடியாத காவலுக்குள் அரசி கிடக்கிறாள். நம் ஊர்களின் உள்முற்ற வீடுகளையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வெயிலும் மழையும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் அழகான அமைப்பு அது. வீட்டுப் பெண் தெருவுக்கு வராமலே வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அந்த அழகுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த முற்றத்தைத் துலக்கிப் பெருக்க வந்த பெண் எந்த வழியாக வந்தாள், கொல்லைப்புறத்தைத் தாண்ட அவளுடைய சாதி அவளை விட்டதா என்று கேட்டால் அழகு இன்னும் குறையும்.

முன்றிலை முற்றமாக்கும்போது எளியவர்களின் வீட்டை இடித்து உயர்ந்தோர் வீட்டைக் கட்டுகிறோம். சங்கப் பெண்கள் எல்லோரையும் உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். பிறகு, அகம் பெண்ணுக்கு, புறம் ஆணுக்கு என்று ஒரு கோடு போடுவது எளிதாகிவிடுகிறது. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து வெளியிட்ட நூலுக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று பெயர் வைத்தார். அருமையான மொழிபெயர்ப்பு, அருமையான தலைப்பு. மனத்தின் உள்ளே என்று அவர் சொன்னதை நம் ஆய்வேடுகள் பல வீட்டின் உள்ளே என்று படித்துக்கொண்டன. அகப்பாட்டுப் பெண்ணின் துயரம் உள்ளே இருக்கலாம். அவள் கண் மன்றத்துப் புழுதியில் இருக்கிறது.

இன்று முன்றில் என்று யாரும் பேசுவதில்லை. அதன் இடத்தில் இருக்கும் சொல் முற்றம் அன்று, வாசல். இல்வாய் என்பது வாயிலாகி, வாயில் வாசலானது, இதுவும் இலக்கணப்போலிதான். 'வாசல் தெளிச்சாச்சா?' என்று கேட்கும்போது யாரும் கதவு நிலையைச் சொல்வதில்லை, வீட்டுக்கு முன்னால் இருக்கும் தரையைத்தான் சொல்கிறோம். அந்தத் தரையில்தான் கோலம் போடுகிறோம், வற்றல் காயவைக்கிறோம், பூக் கட்டுகிறோம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பாரி மகளிரின் முன்றிலில் கிடந்த பஞ்சு போல இதுவும் உழைப்பு. ஆனால் வீட்டு வாசலில் நடப்பதால் 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது' என்ற பெயர்தான் அதற்குக் கிடைக்கிறது. வீட்டில் எண்ண மாட்டார்கள், வேலை என்றும் எண்ண மாட்டார்கள். எங்கே உட்கார்ந்து செய்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூலி குறைகிறது.

பெண்ணியம் பேசத் தொடங்கிய காலத்தில் நான் கேட்டது அறை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதைப் படித்த எல்லோரும் அதைத்தான் கேட்டோம்: எழுதுவதற்குத் தனக்கென ஓர் அறை, கையில் கொஞ்சம் பணம். இன்றும் அது வேண்டும். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை பாதிதான். கதவுக்கு வெளியே, காரணம் எதுவும் சொல்லாமல், உட்கார்ந்திருக்கும் உரிமை மறுபாதி. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலில் மும்பைப் பெண்களுக்கு அதைத்தான் கேட்டார்கள்: நகரத்தில் சும்மா நிற்கும், சும்மா திரியும் உரிமை. நம் வகுப்புகளில் அந்தக் கேள்விக்குக் குறுந்தொகையிலேயே ஒரு சொல் இருந்தது. அதற்குத்தான் தவறான பொருள் எழுதிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒன்று கேட்டேன். உங்கள் வீட்டு வாசலில், கையில் வேலை எதுவும் இல்லாமல், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? கோலம் போட, தண்ணீர் பிடிக்க, துணி எடுக்க என்று எல்லோரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்ததாக நினைவிருந்தவர்கள் மிகச் சிலர். 'வயசுப் பொண்ணு வாசல்ல என்ன நிக்குற' என்ற வாக்கியத்தை மட்டும் கேட்காதவர்கள் யாரும் இல்லை. குறுந்தொகைத் தலைவி அமர்ந்திருந்த அதே மாலைப்பொழுதில்தான் அவர்கள் உள்ளே அழைக்கப்படுகிறார்கள். அடுக்ககத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுதான் இருக்கிறது, அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாள். என்னிடம் பெயர் இல்லை. மன்றம் தெரியாத அந்த இடத்தை முன்றில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் விடைத்தாளில் 'முன்றில் – முற்றம்' என்று வந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் 'வீட்டின் முன்னிடம்' என்று எழுதுகிறேன். மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, தவறு கற்றுக்கொடுத்தவளுடையது. இந்தப் பாடல்களைப் படிக்கும்போது நீங்களும் சொற்பொருளைத் தாண்டி அந்த மாணவியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இவள் எங்கே உட்கார்ந்து இதைப் பார்க்கிறாள்?