தேயாத மிஷின்

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு தையல் மிஷின். கறுப்பு உடம்பு, தங்கப் பூ வேலை, நடுவில் ஸ்பிங்க்ஸ் படம். மேலே ஸ்பாட் லைட் வேறு!

"1890 மாடல் சார். ஒரிஜினல் சிங்கர். முப்பதாயிரம் சொன்னான். அம்மாவோட பழைய மிஷினைக் குடுத்து, இருபத்தஞ்சுக்கு முடிச்சேன்" என்றார் பெருமையாக.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் சொல்லித் தந்தது ஒன்றுதான்... பேச்சை நம்பாதே, வவுச்சரைப் பார்!

சிங்கருக்கும் வவுச்சர் உண்டு. கைச்சக்கரத்துப் பக்கம், அடித்தட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். சீரியல் நம்பரை இரும்பிலேயே அடித்திருப்பார்கள். நம்பருக்கு முன்னால் ஆங்கில எழுத்து வர ஆரம்பித்தது 1900ல்தான். அதற்கு முன் வெறும் எண்கள். நண்பரின் '1890' மிஷினில் கம்பீரமாக இரண்டு எழுத்து! அதுவும் தனித் தகட்டில் அடித்து ஒட்டியது. எழுத்து இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அசல் மிஷினாகவே இருக்கலாம். ஆனால், 1890 என்பது பொய்.

அடுத்தது பேட்ஜ். தூண் பகுதியில் இருக்கும் பித்தளை முத்திரையைச் சின்ன ஆணிகளால் பொருத்தியிருப்பார்கள். இங்கே பசை பிதுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, தேய்மானம். வருஷக்கணக்கில் துணியும் கையும் உரசுகிற முன் ஓரத்தில்தான் தங்கப் பூ முதலில் அழியும். இதிலோ கை படாத பின்பக்கம்கூட ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. உப்புத்தாள் உபயம்!

காப்பியடிப்பதைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் கம்பெனிகள் சிங்கர் 15 மாடலை அப்படியே பின்பற்றி, வேறு வேறு பெயர்களில் உலகமெங்கும் விற்றன. நம் லூதியானாவிலும் கறுப்பு மிஷின்கள் தயாராகின. ஏன், சிங்கரே 2011ல் தன் 160வது ஆண்டுக்காகப் பழைய சாயலில் ஓர் எலெக்ட்ரானிக் மிஷினை வெளியிட்டது. இவை எதுவும் வயசை மறைக்கவில்லை. முக்கியமாக, இவையெல்லாம் தைத்தன.

நகல் வேறு, போலி வேறு. நகல் செய்பவர் வேலையைக் காப்பியடிக்கிறார். போலி செய்பவர் வயசைக் காப்பியடிக்கிறார். அந்த வயசுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மிஷினைச் சாய்த்து அடியில் பார்த்தேன். பாபின் இருக்கவேண்டிய இடம் காலி. ஷோகேஸ் பொம்மை!

"அம்மா மிஷின் ஓடுமா?" என்று கேட்டேன்.

"போன பொங்கல் வரைக்கும் ஓடுச்சு சார். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தச்சுக் குடுத்துதான் எங்க மூணு பேரையும் படிக்க வெச்சாங்க."

"முன்னாடி பூ அழிஞ்சிருக்குமே?"

"பூவா? பெயின்ட்டே போயி இரும்பு தெரியும் சார்..." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

நீங்களும் பழைய மிஷின் வாங்கக் கிளம்புகிறீர்களா? முதலில் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள்.

நண்பரின் கடைக்காரர் ராத்திரி ஒன்பது வரை திறந்திருப்பாராம். மணி எட்டேகால். ஸ்கூட்டரை எடுத்தோம்.