ஒன்பது பங்கு ஈயம்

பெருவிலங்கு வேட்டைக்கு எந்தத் தோட்டா உத்தமமானது என்ற விவாதத்திலேயே ஆயுளைக் கழித்தவர்களின் நூல்களை இளமையில் நான் கணக்கின்றிப் படித்திருக்கிறேன். ஆனால் மலேசியாவில், அம்பாங்கில் குடியிருந்துகொண்டு, 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு அடங்கி, போலீஸ் இலாகா கொடுத்த உரிமப் புத்தகத்தை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையில் பொத்தி வைத்திருக்கும் ஒருவனுக்கு, .375 நல்லதா .470 நல்லதா என்ற கேள்வி, கஞ்சிக்கு வழியில்லாதவன் பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று விசாரிப்பது போன்றதே. ரைபிள் என் கைக்கு எட்டும் வஸ்து அன்று. எட்டியது, தோட்டத்தில் கிராணியாயிருந்த என் தந்தையார் விட்டுச்சென்று, முறைப்படி என் பெயருக்கு மாற்றிக்கொண்ட இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியும், அதில் இடும் எஸ்.ஜி. தோட்டாவும்தான். அந்த எஸ்.ஜி. தோட்டாவில் இரண்டு ரகங்களை ஐந்து வாரம் பக்கத்தில் வைத்துப் பழகிய அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி சாஸ்திரம் அறிந்தவர்கள் சிரிப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று பெயர்பெற்ற .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம். என் எஸ்.ஜி. தோட்டாவில் இருக்கும் ரவைகள் ஒன்பது. அவுன்ஸுக்கு எட்டு என்பது பழைய ஆங்கில அளவாகையால், ஒன்பதும் சேர்ந்தால் அதே 32 கிராம்தான். இரண்டிலும் எடை சமம். வேகத்தில் மாத்திரம் அது விநாடிக்கு 650 மீட்டருக்கு மேல் பாய, இது 400 மீட்டரைச் சுற்றி நிற்கிறது. அங்கே மொத்தச் சொத்தும் ஒரே வாரிசின் கையில் போய்ச் சேருகிறது. இங்கே குழலின் வாயை விட்டு வெளியேறிய கணமே ஒன்பது பேர் பாகப்பிரிவினை கேட்டு ஆளுக்கொரு திசையில் நடக்கத் தொடங்குகிறார்கள். என் ஐந்து வாரமும் இந்தப் பாகப்பிரிவினையை அளப்பதிலேயே கழிந்தது.

தோட்டாவின் அளவுகள் வேட்டைக்காரரின் ஞானத்தால் மட்டும் பிறந்தவை என்று எண்ணுவாரும் உளர். அரசாங்கத்தின் சந்தேகத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. 1898-இல் ரிக்பி கம்பெனியார் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிரசித்தி பெற்றுவந்த வேளையில், பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு உதவும் குண்டுகள் கலகக்காரர் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் இந்திய அரசு 1907-இல் அந்த அளவையே தடைசெய்தது. .465, .470, .475, .476 என்று எண்கள் சற்றே தள்ளித்தள்ளிப் புகழடைந்தது அந்தத் தடையின் விளைவே. பிற்காலத்தில் இந்தியக் குடிமக்களுக்கு .315 என்ற விநோத அளவில் ரைபிள் செய்து விற்றதும், .303 ராணுவத்தின் அளவு என்பதனால்தான். அம்பாங்கில் என் உரிமப் புத்தகத்தில் தோட்டாக்களின் எண்ணிக்கையை மையால் குறித்து முத்திரை குத்தும்போதெல்லாம் இதுவும் அந்த வம்சத்தின் கிளைதான் என்று நினைத்துக்கொள்வேன், கோபம் வருவதில்லை.

பெருவிலங்கு என்று சொன்னேனே, அதுவும் இந்த மண்ணில் பழங்கதை. யானையையும் செலாடாங் எனப்படும் காட்டெருமையையும் வேட்டையாடியதைப் பற்றி 1905-இல் நூல் வெளியிட்ட தியடோர் ஹப்பாக், பின்னாளில் மனம் மாறி, அதே விலங்குகளைக் காக்கும் பொருட்டு அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் மல்லாடினார். இன்று தாமான் நெகாரா என்று நாம் அழைக்கும் வனம் 1930களின் இறுதியில் உருவானதில் அவருடைய உழைப்பு பெரிது. மலாயாச் செலாடாங்கின் விஞ்ஞானப் பெயரில் அவர் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது செலாடாங்கைத் தொட்டால் சிறை. என் போன்றோருக்கு எஞ்சியிருப்பது, வனவிலங்கு இலாகாவாகிய பெர்ஹிலித்தானிடம் அனுமதி பெற்று, பயிரை உழுதுபோடும் காட்டுப்பன்றியின் பின்னால் போவது ஒன்றே.

அம்பாங் மலைச்சாலையில் ஏறி அப்பக்கம் இறங்கினால் வரும் உலு லங்காட்டில் நண்பர் ஒருவருக்கு டுரியான் தோப்பும், அதன் ஓரமாக மரவள்ளிக் கொல்லையும் உண்டு. சென்ற ஆண்டு அங்கே நாற்பது கஜத்தில் நின்ற ஒரு பன்றியை, நின்ற அழகிலும் என் கைத்திறமையின் மேலிருந்த கர்வத்திலும் மயங்கிச் சுட்டேன். அது விழவில்லை, முனகிக்கொண்டு பெரணிப் புதருக்குள் பாய்ந்துவிட்டது. வழிகாட்ட வந்திருந்த பூர்வகுடிப் பெரியவர் இலைகளில் ஒட்டியிருந்த ரத்தத் துளிகளைத் தொட்டுத்தொட்டுக் காட்டியபடி இரண்டு மணி நேரம் முன்னே நடந்தார். ஓர் ஓடைக்கரையில் தடம் அற்றுப்போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் ஓடையில் கையைக் கழுவிக்கொண்டார். எனக்கும் பேச நா எழவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்தபின், ஒன்பது ரவையில் எத்தனை பன்றியின் மேல் பட்டிருக்கும் என்ற கேள்வி உறக்கத்தைக் கெடுத்தது. இந்தப் பரீட்சையின் மூலகாரணம் அதுவே.

இனி இரண்டு தோட்டாக்களும். முதலாவது, கார்க்கும் தக்கையும் வைத்து அதன்மேல் ரவையை வெறுமே அடுக்கி வாயை மடித்த பழைய பாணிச் சரக்கு. எந்தத் தொழிற்சாலையுடையது என்று சொல்லாமல் விடுகிறேன். இரண்டாவது, ரவைகளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இட்டு, இடைவெளிகளில் உப்பைப் போன்ற வெண்மையான பிளாஸ்டிக் குறுணையை நிரப்பியது. நீளம் இரண்டிற்கும் 70 மில்லிமீட்டர். மற்ற விவரங்கள் பெட்டியின் மேலேயே இருக்கின்றன. என் சொந்த அபிமானமோ இவ்விரண்டிலும் இல்லை. 1828 முதல் லண்டனில் தொழில் நடத்திய ஈலி கம்பெனியின் தாள் உறைத் தோட்டாக்களிடம் அது இருக்கிறது. தோட்டத்தில் எங்கள் ஜனங்கள் அதை எலித் தோட்டா என்றே சொல்வார்கள். எலித் தோட்டாவுக்குப் பன்றி எப்படிச் சாகிறது என்று சிறுவயதில் நான் வெகுநாள் வியந்ததுண்டு. சுட்டபின் அந்தக் காலி உறையை மூக்கருகே பிடித்தால் வரும் வாசனைக்கு நிகரான ஒன்றை 1960-க்குப் பின் வந்த பிளாஸ்டிக் உறைகள் எவற்றிலும் நான் கண்டதில்லை.

சுடுகளத்தில், நம் பள்ளிக்கூடங்களில் மாஜோங் தாள் என்று சொல்லும் பெரிய வெள்ளைத் தாள்களைச் சட்டத்தில் மாட்டி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டேன். பன்றியின் இதயமும் நுரையீரலும் ஏறத்தாழ அந்தத் தட்டுக்குள் அடங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது கஜங்களில், அதிக இடுக்கமுள்ள இடக்குழலால், ரகத்துக்கு மும்மூன்று முறை சுட்டேன். இருபது கஜத்தில் பழைய பாணித் தோட்டா ஆறு, ஏழு ரவைகளைத் தட்டுக்குள் போட்டது. குறுணைத் தோட்டா ஒன்பதையும் போட்டது. முப்பதில் முன்னதற்கு மூன்று, பின்னதற்கு ஆறு. நாற்பது கஜத்தில் பழையதன் தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, பென்சில் வட்டம் மாசு மறுவில்லாமல் பூரண சந்திரனைப் போலிருந்தது. அதைச் சுற்றிலும், எழுதத் தெரியாத குழந்தை பேனாவால் குத்தியது போல, காதோரம் ஒன்று, காலோரம் ஒன்று, தாளின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு ஒன்று என்று துளைகள் சிதறிக் கிடந்தன. சென்ற ஆண்டுப் பன்றியின் சரித்திரம் முழுவதையும் அந்தத் தாளில் படித்தேன். அதே தூரத்தில் குறுணைத் தோட்டா மூன்று ரவைகளை உள்ளே வைத்தது; அதையும் போதுமென்று என் மனம் ஒப்பவில்லை.

காரணம் எளிது. மருந்து பற்றிய கணத்தில் கீழ் வரிசை ரவைகள் மேல் வரிசையின் பாரத்தால் நசுங்குகின்றன. வெறுமே அடுக்கியவை குழலின் சுவரிலும் உரசித் தட்டையாகின்றன. ஈயம் மிருதுவான உலோகம். உருண்டை நேரே போகும். நசுங்கியது காற்றில் வழுக்கி விலகும். குறுணை, பஞ்சணை போல ரவைக்கு ரவை இடையே நின்று அந்த நசுக்கத்தைத் தடுக்கிறது. பெட்டியின் மேல் தீப்பிழம்பும் பாயும் காளையும் வரைந்து வேகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடும் உற்பத்தியாளர்கள், உள்ளே குறுணை உண்டா இல்லையா என்ற ஒரு வரியை மட்டும் போட மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் போடும் எழுத்துக்களைப் பற்றியும் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. எஸ்.ஜி. என்பதற்குச் சிறு திராட்சை, எல்.ஜி. என்பதற்குப் பெருந்திராட்சை என்று பொருள் சொல்வார்கள். பீரங்கியில் திராட்சைக் குலையைப்போல் குண்டுகளை இட்ட நாளின் மிச்சமாம். நம் எஸ்.ஜி.க்குச் சமமானதை அமெரிக்கர் இரட்டைப் பூஜ்யம் என்கிறார்கள். 12 போர் என்பதே, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாக இருக்கும் என்ற கணக்கு. இப்படி ஆளுக்கொரு பாஷை பேசுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; அந்த எழுத்தை உறையின் மேல் அச்சிடும் மை, துப்பாக்கி எண்ணெயும் நம் ஊர் வியர்வையும் பட்ட இரண்டாம் வாரமே அழிந்துவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே மழைமேகம் கவிந்து, டுரியான் மரத்தடியில் உள்ளங்கை தெரியாமல் இருட்டும்போது, இடுப்புவாரில் இருப்பது பன்றிக்குரிய எஸ்.ஜி.யா பறவைக்குரிய சிறு ரவையா, எந்த ரகத்து எஸ்.ஜி. என்று எப்படி அறிவது?

இதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. மூன்றாம் வாரம், பேரன் மேசைமேலிருந்த தோட்டா ஒன்றைக் கிலுகிலுப்பையென்று எடுக்கப் போக, பதறிப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டப் போனபோது, என் கையிலேயே அது கிலுகிலுத்தது. அடுத்ததை ஆட்டினேன், ஊமையாயிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினேன். பழைய பாணித் தோட்டாவில் பெரிய ரவைகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கின்றன. சிறு ரவை மணல் சரிவது போல் சலசலக்கிறது. குறுணை அடைத்தது மூச்சு விடுவதில்லை. உள்ளே அசைய இடமுள்ள ரவைதான் நசுங்கவும் இடமுள்ளது என்பதால், நான் ஐந்து வாரம் மாஜோங் தாளில் எண்ணிக் கண்டதைக் காது அரை விநாடியில் சொல்லிவிடுகிறது. விலை அதிகமென்ற ஒரு குறையைத் தவிர, ஊமைத் தோட்டாவின் மேல் எனக்கு வேறு புகார் இல்லை. அதைக்கொண்டும் முப்பது கஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

போன வாரம் இந்த வருஷத்துப் பங்கை வாங்கக் கடைக்குப் போனேன். உரிமப் புத்தகத்தில் எஸ்.ஜி. என்று மட்டும்தான் பதிவு. ரகம் கேட்டு வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. எந்தப் பெட்டி வந்திருக்கிறதோ அதுதான். அனுமதி கேட்டுக்கொண்டு, கண்ணாடி மேசையின் மேல் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் காதருகே ஆட்டி, கடகடப்பவற்றை இடப்பக்கமும் ஊமைகளை வலப்பக்கமும் வைத்தேன். கடைக்கார இளைஞர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன அங்கிள், தேங்காயா இது, ஆட்டிப் பார்த்து வாங்க?" என்றார்.

"தேங்காய்தான் தம்பி. ஆனா சத்தம் கேட்டா வேணாம்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துப் பிரித்து, ஒரு தோட்டாவைத் தம் காதருகே வைத்து மெல்ல ஆட்டத் தொடங்கினார்.