ஓசுவுக்கு ஒரு வரி

சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பழக்கமான பாடம். அதன் பின்னணியை விளக்கும் குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. நான் பார்த்தவற்றில் கோலாக் கொட்டை உண்டு, யாம் கிழங்கு உண்டு, முகமூடி போட்டு வரும் முன்னோர் ஆவிகள் உண்டு. நல்லதுதான். ஓசு? 'விலக்கப்பட்டவர்' என்று ஒரு வரி. முடிஞ்சது.

விலக்கியது யார், எதுக்கு? ஓசு என்றால் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். அவர் மட்டுமில்லை, பிள்ளைகுட்டி எல்லாரும் ஓசுதான். முடி வெட்டக்கூடாது, மற்றவர் வீட்டில் பெண் எடுக்கக்கூடாது, செத்தால் பேய்க்காட்டில்தான் புதைப்பார்கள். சேரியில் பிறந்தவனுக்கு இதைப் புரிஞ்சுக்க அகராதி வேணுமா? நாவலில் அவர்கள் சடைமுடியை மழித்துவிட்டுச் சபையில் உட்காருகிற இடம்தான் எனக்கு முக்கியம். ஊர் சிதைந்தது சரி, இவர்களுக்கு என்ன சிதைந்தது? குறிப்பு எழுதுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. 'இக்போ பண்பாடு' என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

சபையையும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். அச்செபேயே அதை விடவில்லை. 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960) நாவலில், ஓசுப் பெண் கிளாராவை மகன் கட்டக்கூடாது என்று மறிக்கிறவர் யார் தெரியுமா? அன்றைக்கு அப்பனை உதறிவிட்டுக் கிறித்தவரான அதே நுவோயே. அந்த நாவல் வருவதற்கு நாலு வருஷம் முன்பே, 1956இல், கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டிருந்தது. நான் பார்த்த எந்தக் குறிப்பிலும் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.