ஏ.சி. இல்லாத வீட்டில் ஒரு விமானப் படை

செய்து முடித்த அன்று எல்லா மாடலும் அழகுதான். பெயின்ட் வாசனை போகாத குட்டி விமானத்தைப் பார்த்து 'ஆகா' என்பதற்குத் தனி ரசனை எதுவும் வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில், மின்விசிறி மட்டுமே ஓடுகிற அறையில், பல கத்திரி வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் தாண்டி வந்த மாடலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று அப்போது தெரியும்.

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படியொரு அலமாரி இருக்கிறது. ஸ்டீல் சட்டம், கண்ணாடிக் கதவு. நடு அறையின் உட்சுவரோடு நிற்கிறது. வெயில் எந்த நேரத்திலும் அதன்மேல் விழாது. இரண்டாம் தட்டில் 1/72 அளவில் ஒரு டைகர் மாத். இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 12 சென்டிமீட்டர் சொச்சம்தான். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே ஓடும் கம்பிகளைத்தான் பார்க்க வேண்டும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொன்றும் கோடு போட்டாற்போல் நேராக மின்னும். இத்தனை வருடத்தில் ஒன்றுகூடத் தொய்யவில்லை.

ரகசியம் கம்பி எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. பருத்தி நூல் ஈரத்தில் ஊதி, நீளத்தில் சுருங்கும். மெல்லிய இறக்கையைப் பிடித்து இழுக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீண்டு தொங்கும். இந்த மாடலைச் செய்த வீட்டுக்காரர் இரண்டையும் தொடவில்லை. மாடல் கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, எல்லோரும் குப்பையில் போடுவது, அதை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்து, இளகும் நொடியில் இரண்டு கையாலும் இழுத்தால் தலைமுடிபோல் இழை வரும். இறக்கையும் பாலிஸ்டைரீன், கம்பியும் அதே பாலிஸ்டைரீன். வெயிலில் இரண்டும் சேர்ந்து விரியும், மார்கழியில் சேர்ந்து சுருங்கும். ஈரத்துக்கு இரண்டும் அசையாது. கட்டும்போதே அலமாரியை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார். மாடல் கலையில் நான் முதல் மதிப்பெண் போடுவது இந்த முன்யோசனைக்குத்தான். வண்ணம், நுணுக்கம் எல்லாம் அதற்கப்புறம்.

கீழ்த்தட்டில் 1/350 அளவில் யமாட்டோ போர்க்கப்பல், முக்கால் மீட்டர் நீளம். தளத்தின் ஓரமெங்கும் பித்தளையில் செதுக்கிய கைப்பிடிக் கம்பிகள். பாலிஸ்டைரீன் வெப்பத்தில் பித்தளையைவிட மூன்று நான்கு மடங்கு விரியும். 15 டிகிரி ஏறி இறங்கினால் இந்த நீளத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் மேலே வித்தியாசம் வரும். காய்ந்தபின் வளையத் தெரியாத சூப்பர் குளூ அதை எத்தனை நாள் தாங்கும்? அதனால் கம்பியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறார். தண்டவாளத்தில் விடுகிற இடைவெளி மாதிரி.

அலமாரிக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. தூசிக்குப் பயந்து காற்றுப் புகாமல் அடைப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் மாடல்களின் கதை வேறுவிதமாகச் சொல்கிறது. நங்கூரம், பீரங்கி முதலியவற்றை ஈயத்தில் வார்த்துப் பொருத்திய பழைய மரக் கப்பல்களை அடைத்த பெட்டியில் வைத்தால், மரமும் பசையும் விடுகிற அசெட்டிக் அமில ஆவி உள்ளேயே சேர்ந்துவிடும். கூடவே ஈரமும் கரியமில வாயுவும் இருந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் வினிகர் ஆவியில் ஈயத்தை வைத்து வெள்ளை நிறமி தயாரித்தது இதே வேதியியலில்தான். ஓக் மரப் பெட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம்.

ஏ.சி. இல்லாமலே தப்பிய கப்பல்களும் உண்டு. சார்லஸ் செர்ஜிசன் என்ற ஆங்கிலேயக் கடற்படை நிர்வாக அதிகாரி 17, 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல் மாடல்களைச் சேர்த்தார். அவை சசெக்ஸில் உள்ள அவருடைய கக்ஃபீல்டு மாளிகையிலேயே சுமார் இருநூறு ஆண்டுகள் இருந்தன. பிறகு ஹென்றி ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1935-இல் அவர் எழுதிவைத்த உயிலின்படி அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த இருநூறு ஆண்டில் ஏ.சி. ஏது? இங்கிலாந்தின் குளிரும் நம் ஊர்ப் புழுக்கமும் ஒன்றில்லைதான். ஆனாலும் 'ஏ.சி. இல்லை, அதனால் மாடல் போய்விட்டது' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மாளிகை நினைவுக்கு வரும்.

திருவல்லிக்கேணி அலமாரியில் கதவோரம் ஒரு நூலிழை இடைவெளி. முதுகுப் பலகையின் மேலும் கீழும் துளைகள், அவற்றின்மேல் மெல்லிய வலைத்துணி. உள்ளே பத்து ரூபாய் சிலிகா ஜெல் பொட்டலம் எதுவும் கிடையாது. காற்று வந்து போகிற இடத்தில் அது சீக்கிரமே ஈரம் குடித்துச் சும்மா கிடக்கும். அடைமழை நாளில் விமானியின் இருக்கையை மூடும் கேனபிக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று அவரே பார்த்து, மென்தூரிகையால் துடைக்கிறார். சோம்பேறிகளுக்கான கலை இல்லை இது.

எந்த அலமாரியும் காப்பாற்ற முடியாதவையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்களில் சில, வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உள்ளிருந்தே வெடித்து நொறுங்குகின்றன. ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும், மருந்து கிடையாது.

மற்றபடி நாமே வரவழைத்துக்கொள்ளும் கேடுகள்தான் அதிகம். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றினால் கோடையில் பெயின்ட்மேல் வட்ட வட்டமாகத் தடம் விழும். ஸ்பாஞ்ச் நம் ஈரத்தில் பொடிந்து பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். புடவைப் பீரோ பழக்கத்தில் அந்துருண்டை போட்டு வைப்பவர்களும் உண்டு; அதன் ஆவி பாலிஸ்டைரீனையே இளக்கும். எல்லாவற்றிலும் மோசமான இடம் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகும் என்று தைரியமாக இருக்காதீர்கள். ரெசினில் வார்த்த மெல்லிய சக்கரக்கால்கள் அதற்கு வெகுமுன்பே விமானத்தின் எடையில் மடங்கிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிக்குள் ஏதாவது மாடல் இருந்தால், பங்குனி முடிவதற்குள் கீழே இறக்கி, வெயில் படாத உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். அலமாரி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.