கரையா, கறையா?

சென்ற ஆண்டு மூதாட்டி ஒருவரின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்குப் பின் அவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சந்தன மாலை சூடிச் சுவரில் தொங்கியது அவருடைய நிழற்படம். அதைச் சுற்றி நான்கு விரற்கடை அகலத்திற்கு ரோஜாக் கொத்துகள். மூலைதோறும் பொன்னிறச் சுருள்கள். உச்சியில் இரு வெண்புறாக்கள். இவற்றின் நடுவே, முட்டை வடிவான சிறு வெளியில், அம்மையாரின் முகம். "கம்ப்யூட்டரிலேயே எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்துவிட்டார்கள், பார்த்தீர்களா சாமி!" என்றார் மகன். நானும் தலையசைத்தேன்.

சற்று நேரத்தில் பேரன் தன் கைப்பேசியில் மூலப்படத்தைக் காட்டினான். திண்ணையில் அமர்ந்திருக்கிறார் பாட்டி. அவருடைய வலக்கை, அருகே நிற்கும் சிறுவனின் தோளில் கிடக்கிறது. பின்னே அவர் நட்டு வளர்த்த முருங்கை. அச்சிறுவன் அவனேதான். "என்னை ரோஜாப்பூ மூடிடுச்சு சாமி" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆயினும் அச்சொல் என்னைவிட்டு அகலவில்லை.

படத்திற்குக் கரை கட்டுவது தவறா? ஒருபோதும் இல்லை. ஆற்றுக்கும் கரை என்கிறோம், சேலைக்கும் கரை என்கிறோம். ஆற்றின் கரை நீரைத் தாங்கி நிற்கிறது. நீரின்மேல் ஏறிப் படர்வதில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழையோடு இழை பிணைக்கிறார்கள். கரை உடலோடு சேர்கிறது, உடலை மறைப்பதில்லை. கரைக்கு இலக்கணம் இதுவே எனலாம்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் படித்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய தம் நூலில், ஓவியத்தின் சட்டத்தையும் சிலையின் ஆடையையும் மாளிகையின் தூண்வரிசையையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறார். தம் வடிவழகால் அவை மூலப்பொருளின் இன்பத்தைப் பெருக்கலாம். ஆனால் கவர்ச்சியால் கண்ணை இழுப்பதற்கென்றே பொற்சட்டம் பூட்டப்படுமாயின், அது வெறும் பகட்டாகி, மெய்யான அழகுக்கு ஊறு செய்கிறது என்பது அவர் முடிவு. ரோஜாக்களும் புறாக்களும் அன்று அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் தீர்ப்பு மாறியிராது.

கருத்தை விடுத்துக் கலைஞர் ஒருவரின் செயலைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சேரா, கிராந்த் ஜாத் தீவின் ஞாயிற்றுக்கிழமையைச் சித்திரிக்கும் தம் பேரோவியத்தை 1884 முதல் 1886 வரை தீட்டினார். இன்று அது சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. முடித்துவிட்ட அவ்வோவியத்திற்கு 1888-89இல் வண்ணப் புள்ளிகளாலேயே ஒரு கரை சேர்த்தார். அதற்கு இடம் வேண்டுமே! துணியைச் சட்டத்தில் மீண்டும் இழுத்துக் கட்டி, ஓரத்தில் இடத்தை உண்டாக்கிக்கொண்டார். ஓவியம் எந்தப் புள்ளிகளால் ஆனதோ, கரையும் அத்தகைய புள்ளிகளால் ஆனது.

சேரா செய்ததை இன்று கணினியில் எவரும் ஒரு நொடியில் செய்யலாம். 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பிலும், 1996இல் வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும், 'கேன்வாஸ் சைஸ்' எனும் கட்டளை உண்டு. அது படத்தைத் தொடாமல், படம் கிடக்கும் தளத்தை மட்டும் பெரிதாக்குகிறது. புதிதாகப் பிறந்த வெளியில் கரை அமைகிறது. இது வெளிக்கரை. மற்றொன்று உட்கரை. பூவும் சுருளும் வரைந்து நடுவில் துளைவிட்ட ஆயத்த வார்ப்பு ஒன்றைப் படத்தின்மேல் கவிழ்ப்பது. முன்னது வேலி, பின்னது ஆக்கிரமிப்பு.

இது மிகைக்கூற்றன்று, கணக்கிட்டுப் பாருங்கள். 3000 பிக்சல் அகலமும் 2000 பிக்சல் உயரமும் கொண்ட படத்தின்மேல், நாற்புறமும் 150 பிக்சலுக்கு உட்கரை இடுகிறோம். அகலத்தில் இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் எஞ்சுவது 2700க்கு 1700. மூலப்படத்தின் 23.5 விழுக்காடு மறைந்துபோயிற்று! ஏறத்தாழக் கால் பங்கு. மறைந்த கால் பங்கில்தான் பேரனின் தோளும், முருங்கையும், திண்ணையும் இருந்தன.

கடன் வாங்கிய கரைகளையும் இங்கே சொல்லவேண்டும். 1972இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 படங்களின் அடியில் வெள்ளை ஓரம் அகன்றிருக்கும். படத்தை உருத்துலக்கும் வேதிப்பசைப் பை அங்கே ஒளிந்திருந்தது. அந்த அகலத்திற்குக் காரணம் இருந்தது. ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் படங்களைக் கறுப்பு விளிம்போடு அச்சிடச் சொன்னார். படச்சுருளில் பதிந்ததை வெட்டாமல் தருகிறேன் என்பதற்கு அது சான்று. இன்று இவ்விரண்டும் செயலிகளில் அலங்காரங்களாய்க் கிடைக்கின்றன. பசை இல்லாத படத்திற்குப் பசைப்பையின் ஓரம். நாற்புறமும் வெட்டிய படத்திற்கு 'வெட்டவில்லை' எனும் விளிம்பு! முன்னது வெறும் பாவனை, பின்னது பொய்ச்சாட்சி.

எளியோரின் அலங்கார ஆசையை நான் இகழவில்லை. அன்புக்குரியவரின் முகத்தைச் சுற்றிப் பூ வைக்கும் கை, அன்பினால்தான் வைக்கிறது. குறை அன்பில் இல்லை. படத்தைப் பாராமலேயே பூ வைத்ததில் இருக்கிறது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் நினைவு நாளுக்கும் ஒரே ரோஜா வார்ப்பு. அது எந்த முகத்திற்காகவும் பிறந்ததன்று. ஆகவே எந்த முகத்தையும் அது அறியாது.

அச்சகத்திற்குப் போகுமுன் இன்னொன்றையும் எண்ணவேண்டும். மேற்சொன்ன படத்திற்கு 150 பிக்சல் வெளிக்கரை இட்டால் அது 3300க்கு 2300 ஆகிறது. ஆறுக்கு நான்கு அங்குலத் தாளை முழுதும் நிரப்பி அச்சிட்டால், மேலும் கீழும் 50 பிக்சல் வெட்டுப்படும். பக்கக் கரை தடித்தும் மேல்கீழ்க் கரை மெலிந்தும் நிற்கும். தாளின் அளவை முதலில் அறிந்து கரையை வகுப்பதே முறை. யாவற்றினும் முதன்மையானது, மூலப்படத்தைத் தொடாமல் அதன் நகலில் வேலை செய்வது. லேயர்கள் அனைத்தையும் இணைத்து ஜேபெக் கோப்பாகச் சேமித்தபின், பூவின் அடியில் கிடப்பதை எந்த வல்லுநராலும் மீட்டுத்தர இயலாது. கரை கறையாவது அப்போதுதான்.

அந்த வீட்டில் நல்வாய்ப்பாக மூலப்படம் பேரனின் கைப்பேசியில் பிழைத்திருந்தது. இரு வாரங்களுக்குப் பின் அவனே வேறொரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தான். பாட்டியின் சேலையிலிருந்து அரக்கு நிறத்தைக் கணினியிலேயே தொட்டெடுத்து, வெளிப்புறத்தில் மெல்லிய ஒரே கோடாக இட்டிருந்தான். அதைச் சுற்றி வெண்மை. அவ்வளவே.

சுவரில் இப்போது அப்படம் தொங்குகிறது. பார்ப்பவர் எவரும் கரையைப் பற்றிப் பேசுவதில்லை. "பாட்டி கை பேரன் தோள்மேல இருக்கு, பாருங்க" என்கிறார்கள்.