பெயரைக் கடன் வாங்கும் படங்கள்

சுவரொட்டியில் ‘சரித்திரப் படம்’ என்று அச்சிட்டுவிட்டால் போதும். நம் மக்கள் அதனைப் பாடநூலுக்கு நிகராக நம்பிவிடுவர். நூல் படிப்போர் சிலர். படம் பார்ப்போர் பலர். பள்ளியில் மறந்துபோன மன்னனைத் திரையில் ஒருமுறை கண்டுவிட்டால், அவன் பேசியதாகக் காட்டிய பேச்சும், அவன் பகைவனாகக் காட்டியவனின் முகமும் ஆயுள் முழுவதும் நெஞ்சில் தங்கிவிடுகின்றன. ஆகவே இப்படங்களைச் சற்று நின்று நிதானித்து ஆராய்வது வீண் வேலையன்று.

கொங்கு நாட்டார்க்கு இதில் தனி உரிமை உண்டு. கோவைச் சிங்காநல்லூரில் எழுந்த சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடு நிறுவிய பட்சிராஜா ஸ்டுடியோவும், சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸும் ஒரு காலத்தில் அரசர்களையும் அரசிகளையும் வரிசையாக உருவாக்கித் தந்த கூடங்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த ‘ராஜகுமாரி’ (1947) கோவையில் உருவான படமே. அந்தப் படங்களின் நாடுகள் எந்த வரைபடத்திலும் இல்லை. மன்னர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1956-இல் சேலத்தில் வண்ணத்தில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ காட்டிய பாக்தாதும் அத்தகையதே. பாட்டி சொல்லும் கதையில் ஆண்டுக் கணக்குக் கேட்பார் உண்டா? இவற்றின் மேல் எனக்கு எவ்வித வழக்கும் இல்லை.

வழக்கு தொடங்குவது, வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைக் கடனாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்.

1960-இல் வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தை எடுத்துக்கொள்வோம். செஞ்சிக் கோட்டையின் இளவீரன் கதை தமிழகத்துத் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வெகுகாலம் ஊறியது. வரலாறோ சுருக்கமானது. முகலாயர் ஆட்சியில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக இருந்த புந்தேல ராஜபுத்திரர் சுவரூப் சிங் 1714-இல் மறைந்தார். அவர் மகன் தேஜ் சிங், பேரரசின் புதிய ஆணைக்குக் காத்திராமல் பொறுப்பை ஏற்றார். கட்டவேண்டிய திறை நிலுவையில் இருந்தது. ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கான் படையெடுத்து வந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதப் போரில் தேஜ் சிங் வீழ்ந்தார்; அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு என்பர். அவருடைய ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில் இதனை விரிவாகக் காணலாம்.

இப்போரின் வேர் எது? திறைப் பாக்கியும் அதிகார ஆணையும். மதம் அன்று. தேசிங்கின் அணியில் உயிர் கொடுத்தவருள் முதல்வராக மக்கள் நினைவில் நிற்பவர் அவருடைய உற்ற தோழர் மகமது கான். மணக்கோலத்தில் இருந்தவர் செய்தி கேட்டுப் போர்க்களம் புறப்பட்டார் என்று கதைப்பாடல் மரபு கூறும். மணக்கோலம் மெய்யோ புனைவோ, அத்தோழமையை மறக்காமல் வைத்திருந்தவர்கள் எழுத்தறியாத பாமரப் பாடகர்கள். இறந்த வீரனின் மனைவி உடன்கட்டை ஏற, அவள் நினைவாக வென்ற நவாபே ஓர் ஊருக்குப் பெயரிட்டார் என்றும், அதுவே இராணிப்பேட்டை என்றும் வழிவழியாகச் சொல்வர். வென்றவன் தோற்றவனுக்குச் செய்த இம்மரியாதையைக் காட்டிலும் உருக்கமான முடிவை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்?

படமோ வேறு வழியில் சென்றது. ஒரே நடிகருக்கு இரு வேடம்: ஒருவர் தேசிங்கு, மற்றொருவர் தாவூத் கான். ஆர்க்காட்டு வரலாறு அறிந்தோர்க்கு அப்பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் தாவூத் கான் பன்னி. அவர் சாததுல்லா கானுக்கு முன்னவர். 1710-ஆம் ஆண்டோடு கருநாடகப் பொறுப்பிலிருந்து நீங்கியவர். செஞ்சிப் போர்க்களத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ரசிகர்கள் தம் நாயகரை இருமுறை காண விரும்புவர் என்பது வியாபாரக் கணக்கு. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் திறைப் பாக்கியால் மூண்ட போர் வேடப் பொருத்தத்தின் கதையாக மாறும்போது, அந்த இளைஞன் ஏன் இறந்தான் என்ற கேள்வியே பார்வையாளர் மனத்தில் எழாமல் போகிறது. உடையும் தலைப்பாகையும் காலத்துக்கு ஒவ்வாமல் இருந்தால் மன்னித்துவிடலாம். போரின் காரணத்தை மாற்றுவது அப்படிப்பட்ட பிழையன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். தமிழ்த் திரையில் முஸ்லிம் பாத்திரம் வாய் திறந்தால் ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று உடைந்த தமிழ் பேசவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். நவாபின் அரசவையில் பார்சி வழங்கியது உண்மை. தக்கனி பேசிய படைவீரர்களும் இருந்தனர். ஆனால் தேசிங்கு வாழ்ந்த காலத்துக்குச் சற்று முன்னரே உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியிருந்தார். அக்காலத்து முஸ்லிம்கள் தமிழை எவ்வாறு ஆண்டனர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? இராவுத்தர் தெருவிலும் மரைக்காயர் தெருவிலும் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் தமிழை ஒருநாள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் வசனம் எழுதுவோர்க்கு இந்த உடைசல் தேவைப்பட்டிராது.

நம்மைக் குறைத்துக் காட்டும் படத்தை மட்டும் துருவிப் பார்ப்பதும் நேர்மையாகாது. 1963-இல் எகிப்திய இயக்குநர் யூசுப் ஷாஹீன் எடுத்த சலாஹுத்தீன் படம் நம் நெஞ்சைக் குளிர்விப்பது. சுல்தானும் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் அதில் நேருக்கு நேர் சந்திக்கின்றனர். வரலாற்றில் அவ்விருவரும் ஒருமுறையேனும் சந்தித்ததில்லை. தூதர்களும் சுல்தானின் தம்பி ஆதிலுமே இடையில் நின்று பேசினர். காய்ச்சலில் கிடந்த ரிச்சர்டுக்குச் சுல்தான் கனிகளும் பனிக்கட்டியும் அனுப்பினார் என்பது பதிவான செய்தி. அதுவே போதுமான பெருந்தன்மை. அதற்குமேல் ஒரு சந்திப்பைப் புனைவது ஏன்? குர்து இனத்தவரான சுல்தானை அரபு ஒற்றுமையின் தலைவராக அப்படம் முழங்க வைக்கிறது. அது நாசிர் ஆட்சிக் காலத்து எகிப்தின் குரல். நீந்திச் சென்று செய்தி சேர்த்த முஸ்லிம் வீரர் ஈசாவைக் கிறிஸ்தவராக மாற்றியதும் அவ்வொற்றுமையைக் காட்டவே. நோக்கம் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்தி மாறியதையும் சொல்லியாக வேண்டும். ரிச்சர்டை வெறும் கொடியவனாக்காமல் மதிப்புக்குரிய எதிரியாக நிறுத்திய பண்பில் அப்படம் நம் படங்களுக்குப் பாடம் சொல்லத் தக்கதே.

இனி நம் ஊருக்கே வருவோம். கோவைக் கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை; பெயர் மட்டும் இருக்கிறது. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த மறு ஆண்டு, 1800 ஜூன் 3 அன்று, முஹர்ரம் பத்தாம் நாளில், கும்பினிப் படை தங்கியிருந்த இக்கோட்டையைக் கைப்பற்றக் கிளர்ச்சியாளர் திட்டமிட்டனர். கொங்கு நாட்டுக் கவுண்டர்களும் முஸ்லிம்களும் அதில் கைகோத்தனர். முயற்சி தோற்றது; 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். கே. ராஜய்யன் 1971-இல் எழுதிய தென்னிந்தியக் கிளர்ச்சி நூல் இக்காலத்தை ஆராய்கிறது. தீரன் சின்னமலையும் இக்காலத்தவரே; மைசூர் அரசுக்குச் சென்ற வரிப்பணத்தை முதலில் மறித்தவர் என்றும், பின்னர் திப்புவின் அணியில் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்றும் மக்கள் வழக்கு அவரைப் போற்றுகிறது. 1805 ஜூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டனர்.

நாளை இதைப் படமாக்க வருபவருக்குப் பெரும் சோதனை அந்த ‘முதலில்’, ‘பின்னர்’ என்ற இரு சொற்களில்தான் காத்திருக்கிறது. வரியை மறித்த காட்சியை மட்டும் எடுத்தால் ஒரு சாரார் கைதட்டுவர். திப்புவோடு நின்றதை மட்டும் எடுத்தால் மற்றொரு சாரார் கைதட்டுவர். இரண்டையும் ஒரே மனிதனின் வாழ்வாக எடுக்கத் துணிபவர் வந்தால், கோட்டைமேட்டிலிருந்து குடும்பத்தோடு சென்று சீட்டு வாங்க ஆட்கள் உண்டு.